மேல்தளப் பகல்நேரச் சுமை

உக்காருங்க, நல்லா சாஞ்சு உக்காருங்க. பையை நான் மடியில எடுத்து வச்சுக்கிறேன். கனமெல்லாம் இல்ல, பால்கோவாதான். காலையில வர்றப்போ ஸ்ரீவில்லிபுத்தூர்ல இறங்கி, கால் கிலோ பொட்டலமா நாலு வாங்கினேன். இங்க ராஜபாளையத்துல ஒரு வீட்டுக்குக் கொடுக்கப் போனேன். வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. ஒரு பொட்டலம் பிரிக்கிறேன், எடுத்துக்கோங்க. அட, எடுங்க. மயக்க மருந்தெல்லாம் கலக்கல.

மதுரைக்கா? நானும் மதுரைதான், அங்க இருந்து மேலூர் பஸ் பிடிக்கணும். என்ன தொழில் பண்றீங்க? பேண்டேஜ் துணி ஏஜென்டா. அப்ப அண்ணாச்சின்னே கூப்பிடுறேன், தப்பா எடுத்துக்காதீங்க. என் பேரு தெய்வசிகாமணி.

வயித்தெரிச்சலா இருக்கு அண்ணாச்சி. யார்கிட்டயாவது சொல்லணும். நான் உயிரைக் கொடுத்துச் செஞ்ச ஒரு வேலையை இன்னும் ரெண்டு வாரத்துல அழிக்கப் போறாங்க. அதைக் காப்பாத்த உலகத்துல ஒரே ஒருத்தராலதான் முடியும். அவர் வந்து அரை மணி நேரம் ஒரு நாற்காலியில உக்காந்தாப் போதும். வேற எதுவும் செய்ய வேண்டாம், சும்மா உக்காந்தாப் போதும். அவரும் வரத் தயார்தான். அவர் சம்சாரம் விட மாட்டேங்குது. நீங்களே கேட்டுட்டு நியாயம் சொல்லுங்க.

மேலூர் தாண்டி பாறைக்காட்டுல ஒரு ஆராய்ச்சி மையம் இருக்கு. துகள் முடுக்கின்னு பேரு. அங்க ஆடு மேய்க்கிறவங்க வட்டக் கம்பெனின்னு சொல்வாங்க, அதுவும் சரிதான். தெப்பக்குளம் அகலத்துக்கு வட்டமா ஒரு குழாய். உள்ள காத்துகூட கிடையாது. அதுக்குள்ள எலெக்ட்ரான் சுத்தும். எவ்வளவு வேகம்னு கேக்காதீங்க, சொன்னா நான் பொய் சொல்றேன்னு நினைப்பீங்க. சுத்துறப்போ அதுல இருந்து ஒரு வெளிச்சம் வரும். அந்த வெளிச்சத்துல ஒரு மருந்தையோ இரும்பையோ காட்டினா, உள்கட்டு எப்படி இருக்குன்னு தெரியும். அதுக்காக நாடு பூரா இருந்து படிச்சவங்க முறை வச்சுக் காத்திருந்து வருவாங்க.

ஆனா அந்த எலெக்ட்ரான் ஓட்டம் இருக்கே, பீம்னு சொல்வோம், அது குழாயோட நட்டநடுவுல போகணும். தலைமுடியை நூறா வகுந்தா அதுல ஒரு பங்கு, அவ்வளவு விலகினாலே வெளிச்சம் வேற எங்கயோ போய் விழும். அதனால வழிநெடுக காந்தம் வச்சிருக்கோம். பீம் எங்க இருக்குன்னு பார்த்து, எந்தக் காந்தத்துக்கு எவ்வளவு கரண்ட் விடணும்னு முடிவு பண்ற மூளைக்குப் பேரு கண்ட்ரோல் சிஸ்டம். அதை வடிவமைச்சது நான். அசைஞ்சா, அசைஞ்ச அளவுக்கு எதிர்ப்பக்கம் தள்ளணும். ஏன் அசையுதுன்னு கேட்டுக்கிட்டு நிக்கக்கூடாது. எங்க தொழில்ல அதுதான் அடிப்படை.

வீட்லயும் நான் அப்படித்தான். எங்க கட்டில்ல ஒரு கால் குட்டை. எந்தப் பக்கம் எப்படித் திரும்பிப் படுத்தா ஆடாதுன்னு கணக்குப் போட்டு, அதுப்படி படுக்கப் பழகிட்டேன். என் சம்சாரம் ஒரு அட்டையை மடிச்சு அந்தக் கால் அடியில வச்சா. நான் எடுத்துட்டேன். அன்னைக்கு முழுக்க அவ என்கிட்டப் பேசல.

இன்னும் கொஞ்சம் எடுத்துக்கோங்க. பொட்டலம் பிரிச்சா முடிச்சிடணும், காத்துப் பட்டா வறண்டுரும்.

மெஷின் ஓட ஆரம்பிச்ச புதுசுல ஒரு வினோதம் நடந்தது. ராத்திரியெல்லாம் பீம் அசையாம நிக்கும். ஸ்கிரீன்ல ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்கும். காலையில ஆபீஸ் திறந்த கொஞ்ச நேரத்துல கோடு திடீர்னு ஒரு குதி குதிக்கும். அப்புறம் இறங்கும். மறுபடி குதிக்கும். சாயங்காலம் வரைக்கும் இதே பாடு. மெதுவா நகர்ந்தா என் சிஸ்டம் பிடிச்சுரும். இப்படித் திடுதிப்புன்னு குதிச்சா, பார்த்துட்டுத் தள்ளுறதுக்குள்ள காரியம் கெட்டுரும்.

தேடினோம் தேடினோம், அப்படித் தேடினோம். கிரானைட் லாரி போறதுனாலன்னு ஒருத்தர் சொன்னார். லாரியை ஊரைச் சுத்தி அனுப்பச் சொல்லி கலெக்டர் வரைக்கும் போனோம். போர்வெல் மோட்டாரை நிறுத்திக் குளிக்காம இருந்தோம். எங்க காந்தப் பிரிவுத் தலைவர் ஃப்ரெட்ரிக், நாசரேத்துக்காரர், நல்ல மனுஷன், கேன்டீன் கிரைண்டர்தான் காரணம்னு சத்தியம் பண்ணினார். ஒரு வாரம் கிரைண்டர் ஓடல. கேன்டீன்காரர் மிக்சியில ஆட்டி இட்லி ஊத்தினார். அந்த இட்லியை ஃப்ரெட்ரிக்கையே தின்னச் சொன்னோம். கோடு மட்டும் குதிச்சுக்கிட்டேதான் இருந்துச்சு.

ஞாயித்துக்கிழமை குதிக்காது. டைரக்டர் டெல்லி போனாலும் குதிக்காது. அதை யாரும் கவனிக்கல, டைரக்டர் இல்லாதப்போ எல்லாருமே நிம்மதியா இருப்போம், பீமும் அப்படித்தான் போலன்னு விட்டுட்டோம்.

டைரக்டர் பேரு டாக்டர் ஆவுடையப்பன். இன்னைக்கு நான் போயிட்டு வந்தது அவர் வீட்டுக்குத்தான். ஆள் எப்படி இருப்பார்னா, எப்படிச் சொல்றது, உங்களை மாதிரி இருப்பார் அண்ணாச்சி. நல்ல உயரம், நல்ல அகலம். ரொம்ப அன்பான மனுஷன், ஆனா ஒரு இடத்துல உக்காந்திருக்க மாட்டார். உக்காருவார், எதையோ யோசிச்சு எழுந்து ஜன்னலுக்குப் போவார், திரும்ப வந்து தொப்புன்னு உக்காருவார். அவர் ரூம் மேல்மாடியில. எங்க கண்ட்ரோல் ரூம் அதுக்கு நேர் கீழ. ஒரு சனிக்கிழமை நான் மட்டும் தனியா இருக்கேன். மேல நாற்காலி கிறீச்சுன்னுது, கோடு குதிச்சது. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி கிறீச், மறுபடி குதி. 

கட்டடம் கட்டின ஆளு செஞ்ச வேலை அண்ணாச்சி. டைரக்டர் நாற்காலிக்கு நேர் கீழ வர்ற தூணை, குழாய் ஓடுற அதே கான்கிரீட் தளத்து மேல இறக்கிட்டாங்க. அவர் உக்காந்தா தூண் அழுத்தும், தளம் வளையும், ஒரு காந்தம் இம்மியளவு சாயும். ஜன்னல் பக்கம் போயிட்டா அது வேற தூண், ஒண்ணும் ஆகாது. உறுதிப்படுத்தணும்ல? ஃப்ரெட்ரிக்கைக் கீழ ஸ்கிரீன் முன்னாடி நிறுத்திட்டு நான் மேல போனேன். "சார், நாற்காலிக்கு அடியில பல்லி"ன்னேன். அவருக்குப் பல்லின்னா பயம். கதவு வரைக்கும் ஓடினார். கோடு இறங்குச்சு. "போயிருச்சு சார், உக்காருங்க"ன்னேன். ஏறுச்சு. அன்னைக்கு ஏழெட்டுத் தடவை பல்லி வந்துச்சு.

இப்ப நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். வேண்டாம், அதை அப்புறம் பேசிக்கலாம். டைரக்டர் வீட்டம்மாவும் அதையேதான் கேட்டாங்க.

நான் என்ன செஞ்சேன்னா, பழைய ஃப்ரிட்ஜ் கதவுல இருக்குமே ஒரு அமுக்குச் சுவிட்ச், திறந்தா லைட் எரியுறதுக்கு, அதுல ஒண்ணைக் கழட்டி டைரக்டர் நாற்காலி மெத்தைக்கு உள்ள வச்சுத் தச்சுட்டேன். அவர் உக்கார ஆரம்பிச்ச உடனே சுவிட்ச் அமுங்கும், சேதி கீழ வரும், தளம் வளையுறதுக்குள்ள என் சிஸ்டம் எதிர்ப்பக்கம் தள்ளிரும். எவ்வளவு தள்ளணும்? அது அவர் எடையைப் பொறுத்தது. எடையை எப்படிக் கேக்குறது? மதுரை ஜங்ஷனுக்கு அவரை வழியனுப்பப் போனப்போ, பிளாட்பாரத்துல இருந்த எடை மெஷின்ல, "சும்மா ஒரு தமாஷுக்கு ஏறுங்க சார்"னு ஏத்தினேன். நூத்துநாலு. மெஷின் தள்ளின எடைச் சீட்டுக்குப் பின்னாடி "நண்பர்களால் உயர்வு"ன்னு போட்டிருந்துச்சு. சிரிச்சுக்கிட்டே என்கிட்டக் கொடுத்தார், இன்னும் என் பர்ஸ்ல இருக்கு.

நூத்துநாலுன்னு உள்ள எழுதினேன். மறுநாள் அவர் வந்தார், உக்காந்தார். கோடு அசையல அண்ணாச்சி. எழுந்தார், உக்காந்தார். அசையல. நான் பாத்ரூம்ல போய் அழுதேன். கல்யாணத்தன்னைக்குக்கூட அவ்வளவு சந்தோஷப்படல, இதை என் சம்சாரத்துக்கிட்டயும் சொல்லியிருக்கேன்.

எங்க மெஷின்ல ஒரு வழக்கம் உண்டு. ஒரு எண்ணை ஒரு தடவை ஏத்திப் பூட்டிட்டா, அப்புறம் பாதுகாப்புக் கமிட்டி கூடி ஒத்துக்கிட்டாத்தான் மாத்தலாம். கண்ட்ரோல்காரன் இஷ்டத்துக்கு மாத்துனா ஆபத்துல்ல, நல்ல வழக்கம். நான்தான் கொண்டுவந்தேன். எதுக்கான எண்ணுன்னு கோப்புல எழுதணுமே. இயக்குநரின் எடைன்னு யாராவது எழுதுவாங்களா? யோசிச்சு யோசிச்சு "மேல்தளப் பகல்நேரச் சுமை"ன்னு எழுதினோம். கமிட்டித் தலைவர் யாருன்னா, அவரேதான். படிச்சுப் பார்த்துட்டு, "நல்ல தமிழ்"னு சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

இதோ ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துருச்சு. இருங்க, ஜன்னல் பக்கம் பால்கோவா விக்கிறவர் வர்றார். அண்ணே, அரை கிலோ பொட்டலம் ஒண்ணு குடுங்க. சூடா இருக்கா? சரி, குடுங்க. அண்ணாச்சி, இது இப்பத்தான் கிண்டி எடுத்தது, பழசை வச்சுட்டு இதைச் சாப்பிடுங்க. வேண்டாம்னு சொல்லாதீங்க, மனசு கஷ்டமா இருக்குறவன் குடுக்குறேன்.

எல்லாம் நல்லாப் போயிட்டிருந்துச்சு. ஒரு நாள் அவர் டாக்டர்கிட்டப் போனார். சர்க்கரை, கொழுப்பு, உடம்பைக் குறைங்கன்னு சொல்லிட்டார் அந்த டாக்டர். எங்களை ஒரு வார்த்தை கேக்கல. இவர் கேன்வாஸ் ஷூ வாங்கிட்டு, காலையில காம்பவுண்டைச் சுத்தி நடக்க ஆரம்பிச்சுட்டார். நூத்துரெண்டு, நூத்தொண்ணுன்னு இறங்குறார். எடை இறங்குனா என்ன ஆகும்? என் சிஸ்டம் நூத்துநாலுக்குத் தள்ளுது, தளம் நூத்தொண்ணுக்குத்தான் வளையுது. கோடு இப்ப எதிர்ப்பக்கம் குதிக்குது.

அந்தச் சமயத்துல அஸ்ஸாம்ல இருந்து ஒரு பொண்ணு வந்திருந்தது. ஏதோ காய்ச்சல் மருந்துக்கான படிகத்தைப் பாத்துப் பாத்து வளர்த்து, ஐஸ் பெட்டியில வச்சுக் கொண்டுவந்திருந்தது. டைரக்டர் எழுந்து எழுந்து உக்காந்ததுல மொத்தமும் வீணாப்போச்சு. வராண்டாவுல உக்காந்து அழுதது. நான் என்ன செய்வேன் சொல்லுங்க. எண்ணை மாத்தணும்னா கமிட்டியில போய், அவர் முன்னாடியே, சார் உங்க உடம்பு இளைச்சதுனாலன்னு சொல்லணும். அதுக்கு அவர் உடம்பையே சரிபண்றது சுலபம்.

அன்னையில இருந்து காலை மீட்டிங்ல ஸ்வீட் வைக்க ஆரம்பிச்சேன். எங்க கல்யாண நாள் அந்த வருஷம் நாலு தடவை வந்துச்சு. பிறக்காத மருமகனுக்குக் காதுகுத்து வச்சேன். மாடிப்படியில "பராமரிப்புப் பணி"ன்னு போர்டு மாட்டி அவரை லிஃப்ட்ல ஏத்தினேன். நடக்கக் கிளம்புற நேரம் பார்த்து அவசரக் கோப்பு அனுப்பினேன். அவருக்கும் இனிப்புன்னா உயிர். "டாக்டர் திட்டுவாரே சிகாமணி"ன்னு சொல்லிக்கிட்டே எடுப்பார். "ஒண்ணுல என்ன சார் ஆயிடப்போகுது"ன்னு நான் ரெண்டு வைப்பேன்.

கொழுக்க வச்சேன் கொழுக்க வச்சேன்னு அந்தம்மா சொல்றாங்களே, அது அபாண்டம் அண்ணாச்சி. தீபாவளி முடிஞ்சு அவர் நூத்தாறு ஆனப்போ லிஃப்டை ரிப்பேர்னு நிறுத்தினது யாரு? மைசூர்பாக்கை எடுத்துட்டு வெள்ளரிக்காய் வச்சது யாரு? ரெண்டு பக்கமும் பார்க்கணும், அதுக்குப் பேருதான் கண்ட்ரோல். ரெண்டு வருஷம் அவரை நூத்துநாலுலயே நிறுத்தி வச்சிருந்தேன். அவர் உடம்பைப் பத்தி அவருக்கே அவ்வளவு அக்கறை இருந்திருக்காது.

அப்புறம் அந்த நாள் வந்துச்சு. மத்தியானம் சாப்பிட்டுட்டு ஸ்கிரீன் முன்னாடி உக்காந்திருக்கேன். திடீர்னு கோடு குதிச்சு மேலேயே நிக்குது. பார்த்தா, சுவிட்ச் நாற்காலியில ஆள் இல்லங்குது, தளம் அதே இடத்துல ஆள் இருக்காருங்குது. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது. சுவிட்ச் போயிருச்சுன்னு நினைச்சுப் பதறி, ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கிட்டு மாடிக்கு ஓடினேன். கதவைத் திறந்தா, நாற்காலிக்குப் பக்கத்துல தரையில கிடக்கிறார். வேர்த்துக் கொட்டியிருக்கு. நெஞ்சைப் பிடிச்சிருக்கார்.

ஃப்ரெட்ரிக்கைக் கத்திக் கூப்பிட்டேன். ரெண்டு பேருமாத் தூக்கிப் போட்டுக்கிட்டு மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனோம். இன்னும் பத்து நிமிஷம் விட்டிருந்தா ஆளே இல்லைன்னு அங்க சொன்னாங்க. அப்ப அவரைக் காப்பாத்தினது எது? என் சிஸ்டம்தானே? இதை அந்தம்மாகிட்ட எடுத்துச் சொன்னேன் அண்ணாச்சி. அதுக்கு அவங்க என்னைப் பார்த்த பார்வை இருக்கே.

நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்ணினாங்க. அப்படியே லீவு, அப்படியே ரிட்டையர்மென்ட். அதுக்கப்புறம் பீம் அசையவே இல்ல. ராத்திரி பகல் எந்நேரமும் கோடு போட்ட மாதிரி நிக்குது. எல்லாரும் ஆகா ஆகாங்கிறாங்க. எனக்கு அதுல என்ன பெருமை இருக்கு? தொந்தரவே இல்லைன்னா பீம் தன்னால நிக்கும். அதுக்கு நான் எதுக்கு? சாயங்காலம் எல்லாரும் போனதும் அவர் ரூமுக்குப் போய் அந்த நாற்காலியில நான் உக்காந்து பார்த்தேன். நான் அம்பத்தெட்டு கிலோ. கீழ வந்து பார்த்தா எல்லாம் தப்பு. அங்க நின்னுக்கிட்டு அவரை நினைச்சேன். அவர் இல்லாம அந்தக் கட்டடமே வெறிச்சுன்னு இருந்துச்சு.

இப்ப பொறுப்புல இருக்கிறவங்க டாக்டர் மெஹருன்னிசா. கெட்டிக்காரி, அதுல சந்தேகமே இல்ல. ஆனா அவங்க உக்காரவே மாட்டாங்க. இடுப்பு வலின்னு சொல்லி நின்னுக்கிட்டேதான் வேலை பார்ப்பாங்க, அதுவும் கீழ் ரூம்ல. போன மாசம் கோப்பைப் புரட்டிட்டு, "சிகாமணி சார், இந்த மேல்தளப் பகல்நேரச் சுமைன்னா என்ன?"ன்னு கேட்டாங்க. விளக்கிச் சொன்னேன். கோப்பை மூடினாங்க. அப்புறம், "இதை எடுத்துடலாமே"ன்னாங்க. நான் கெஞ்சினேன். "சரி, ரிவ்யூ அன்னைக்கு ஒரு தடவை வேலை செஞ்சு காட்டுங்க, பார்ப்போம்"னு சொல்லியிருக்காங்க. ரிவ்யூவுக்கு ரெண்டு வாரம் இருக்கு.

ஃப்ரெட்ரிக் ரெண்டு சிமென்ட் மூட்டையை ஏத்தி வைங்கன்னார். மூட்டை உக்காரும் அண்ணாச்சி, எழுந்திரிக்காது. எழுந்து எழுந்து உக்காரணும், அதுல இருக்கு விஷயம். நானே நாப்பத்தாறு கிலோ கருங்கல்லை இடுப்புல கட்டிக்கிட்டு முயற்சி பண்ணினேன். மூணாவது தடவை எழுந்திரிக்க முடியல. இன்னும் குனிஞ்சா வலிக்குது.

அதான் இன்னைக்குப் போனேன். அந்தம்மா பேரு கோமதி, கணக்கு டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவங்க. முதல்ல நல்லாத்தான் வரவேத்தாங்க. "வாங்க தம்பி, நீங்கதானே அவரைத் தூக்கிட்டுப் போனது, தெய்வம் மாதிரி"ன்னாங்க. டைரக்டர் உள்ள இருந்து வந்தார். சட்டை கொடியில தொங்குற மாதிரி தொங்குது. கன்னம் ஒட்டிப்போச்சு. "எழுபத்தாறு கிலோ, எல்லாம் நார்மல், டாக்டரே கை கொடுத்தார்"னு அந்தம்மா பெருமையாச் சொல்றாங்க. நூத்துநாலுல பார்த்த மனுஷனை எழுபத்தாறுல பார்த்தா யாருக்குத்தான் தாங்கும்? எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அந்தம்மா வேற என்னமோ நினைச்சுக்கிட்டு, "அழாதீங்க தம்பி"ன்னாங்க.

விஷயத்தைச் சொன்னேன். ஒரே ஒரு நாள் சார் வந்து உக்காரணும்னேன். "எதுக்கு?"ன்னாங்க. ஆரம்பத்துல இருந்து விளக்கமாச் சொன்னேன், உங்ககிட்டச் சொன்ன மாதிரியே. தூண், சுவிட்ச், நூத்துநாலு, ஸ்வீட், லிஃப்ட், எதையும் மறைக்கல. மறைக்க என்ன இருக்கு, பெருமைப்பட வேண்டிய விஷயம். "இன்னும் ரெண்டு வாரம் இருக்கு மேடம். நூத்துநாலுக்கு ஏறணும்னு இல்ல, தொண்ணூறு வந்தாப் போதும். மிச்சத்துக்குப் பாக்கெட்ல கல்லு போட்டுக்கலாம்"னு சொல்லி பால்கோவாவை நீட்டினேன்.

அந்தம்மா வாங்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. டைரக்டர்தான் பேசினார். குரல் மெலிஞ்சு போச்சு, ஆனா கண்ணு பழைய கண்ணு. "சிகாமணி, நான் உக்காந்ததுக்கும் காந்தம் தள்ளினதுக்கும் நடுவுல எவ்வளவு தாமதம்?"னு கேட்டார். சொன்னேன். "அடேயப்பா. மிச்சப் பிழை?"ன்னார். சொன்னேன். "என்னை வச்சா?"ன்னார். "உங்களை வச்சுத்தான் சார்"னேன். அவர் முகத்துல ஒரு சிரிப்பு வந்துச்சு பாருங்க, அந்த ஒரு சிரிப்புக்காக நான் இன்னும் பத்து வருஷம் வேலை செய்வேன்.

அப்பத்தான் அந்தம்மா கேட்டாங்க. மெதுவாத்தான் கேட்டாங்க. "அந்த நாற்காலியை ஜன்னல்கிட்டப் போட்டிருக்கலாமே?"

நானும் டைரக்டரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். இந்தத் துறைக்கு வெளிய இருக்கிறவங்ககிட்டப் பேசுறதுல இதுதான் கஷ்டம். எங்க ஆரம்பிச்சு விளக்குறது? நாற்காலியை நகர்த்துறதுக்கு எதுக்கு ஒரு கண்ட்ரோல் பிரிவு? ரெண்டு பேர் தூக்கினா நகர்ந்துரும். டைரக்டர்தான் பொறுமையா எடுத்துச் சொன்னார். "அப்படிச் செஞ்சா பிரச்சினையே இருந்திருக்காதே கோமதி"ன்னார்.

அந்தம்மா அவரைப் பார்த்தாங்க. என்னைப் பார்த்தாங்க. "கொழுக்க வச்சிருக்கீங்க, இவர் நெஞ்சை அறுத்துத் தச்சிருக்காங்க"ன்னாங்க. "ஆஸ்பத்திரி வராண்டாவுல நான் ராத்திரியெல்லாம் உக்காந்திருந்தேன், உங்களுக்காகவும் சாமியைக் கும்பிட்டேன்"னாங்க. பால்கோவாவை என் கையில திணிச்சு, அவரை உள்ள இழுத்துக்கிட்டுக் கதவைச் சாத்திட்டாங்க. நான் கொஞ்ச நேரம் வாசல்லயே நின்னேன். ஜன்னல்ல டைரக்டர் தலை தெரிஞ்சது. பொட்டலத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் ஜன்னலும் சாத்திருச்சு.

இப்ப சொல்லுங்க, என் மேல என்ன தப்பு?

வெளிய பார்க்கிறீங்களே. சரி, சாப்பிடுங்க. திருமங்கலம் தாண்டிட்டோம் போலிருக்கு. எவ்வளவு சாப்பிட்டிருக்கீங்கன்னு பாருங்க, அரை கிலோ பொட்டலத்துல பாதிக்கு மேல காலி. பழகின வயிறு.

தப்பா நினைக்காதீங்க அண்ணாச்சி, நீங்க ஏறி உக்காந்தப்பவே நான் கவனிச்சேன். இந்த சீட் இறங்கின இறக்கம், என் பக்கம் ஏறின ஏத்தம். தொண்ணூத்தெட்டு இருப்பீங்க, சரியா? கூடக் குறைய ஒரு கிலோ. பேண்டேஜ் ஏஜென்ட்னா ஊர் ஊராப் போறவர்தானே, மேலூர்ப் பக்கமும் கடைகள் இருக்கு. ரெண்டு வாரத்துல ஆறு கிலோ. தினம் நானே கொண்டுவந்து தர்றேன். அரை மணி நேரம், ஏசி ரூம், நல்ல நாற்காலி. எழுந்திரிக்கணும், ஜன்னல்ல வேடிக்கை பார்க்கணும், திரும்ப வந்து உக்காரணும். நம்ம நாட்டு விஞ்ஞானத்துக்கு இதைவிட என்ன செய்ய முடியும் ஒரு மனுஷனால?

என்ன, எழுந்திரிச்சுட்டீங்க? முன்னாடி சீட் காலியா இருக்கா? அங்க வெயில் அடிக்குமே.

அடடா. முழங்கால்ல கையை ஊனி, ஒரு மூச்சு விட்டு எழுந்திரிச்சீங்க பாருங்க, அவரும் அப்படியேதான் எழுந்திரிப்பார். என் பக்கம் சீட் இறங்கிருச்சு. எனக்கு என்னமோ பண்ணுது அண்ணாச்சி.

இல்ல இல்ல, நான் தடுக்கல. உங்களுக்கு எந்த இடம் தோதோ அங்க போய் உக்காருங்க. உக்காந்துட்டு அசையாம மட்டும் இருங்க. பையை எடுத்துக்கிட்டு நான் அங்க வந்துடுறேன்.